ஏழாம் அத்தியாயம்: பழைய காகிதங்களுக்கிடையே ஒரு பயிற்சிக் காலம்

ஆவணக் காப்பகத்திலோ ஆராய்ச்சி நூலகத்திலோ பயிற்சி பெற விரும்பும் பட்டதாரி ஒருவர் என்னிடம் வந்து யோசனை கேட்கும்போது, அவர் எந்தப் பல்கலைக்கழகத்தில் பயின்றார், எத்தனை புள்ளிகள் பெற்றார் என்பவற்றை நான் முதலில் விசாரிப்பதில்லை. அவருக்கு எத்தனை எழுத்துகள் வாசிக்க வரும் என்பதையே விசாரிக்கிறேன். பந்திங்கிலும் அதைச் சுற்றிய தோட்டப்புறங்களிலும் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டும் இடைநிலைப்பள்ளியில் மலாய் வழியாக ஐந்தாண்டும் கற்று, ஆங்கிலத்தைப் புத்தகங்களாலும் உத்தியோகத் தேவையாலும் கைக்கொண்ட ஒரு பிள்ளை, தனக்கு மூன்று மொழிகள் தெரியும் என்பதை ஒரு தகுதியாகவே எண்ணுவதில்லை. ஆனால் கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் உள்ள பெரிய காப்பகங்களுக்கு அரிதாக வாய்ப்பது இந்த மும்மொழி வாசிப்பே. ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் சாய்ந்த கையெழுத்துக் குறிப்பும், ஜாவி எழுத்திலமைந்த மலாய்க் கடிதமும், தோட்டத்துக் கிராணி ஒருவர் தொழிலாளர் சார்பில் எழுதிக்கொடுத்த தமிழ் மனுவும் ஒரே கோப்பிற்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கக்கூடும். அவற்றுள் தமிழ்த் தாளைப் படிக்க இயலாத பணியாளர் 'தமிழ்க் கடிதம் ஒன்று' என்று பட்டியலில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போவாரானால், அம்மனுவில் யார் பேசினர், என்ன கேட்டனர் என்பது பின்வரும் ஆராய்ச்சியாளர் எவருக்கும் புலப்படாது. பெட்டிக்குள் பத்திரமாக இருந்தும் அது இல்லாததாகவே ஆகிவிடும். அந்தத் தாளுக்கு ஒரு முழு வாக்கியம் எழுதிவைக்கக் கூடியவர் என்ற நிலையிலேதான் நீங்கள் பயிற்சிக்குச் செல்கிறீர்கள் என்பதை இவ்வத்தியாயம் முழுவதும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

மாணவர் வாயில் 'பிராக்டிகல்' என்றும், பல்கலைக்கழகக் கடிதங்களில் 'லத்திஹான் இன்டஸ்ட்ரி' என்றும் வழங்கும் கட்டாயப் பயிற்சி வேறு. பட்டம் பெற்ற பின்போ, முதுகலை பயிலும் காலத்திலோ ஒருவர் தாமே விரும்பி மேற்கொள்ளும் பயிற்சி வேறு. முன்னதில் குறிப்பேட்டை நிரப்பிக் கையொப்பம் வாங்குவதே நோக்கமாகிவிடுவதுண்டு. பின்னதில் அத்தகைய நிர்ப்பந்தம் இல்லையாதலால், எதைக் கற்க வேண்டும் என்பதை நீங்களே தீர்மானித்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. நூலகவியல் படித்தவர்க்கே இடமுண்டு என்று அஞ்சிப் பின்வாங்குதல் வேண்டா. மலாயாப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் முதுகலைப் படிப்பு 1987 முதல் நடந்துவருகிறது. அதில் சேர்வதற்கு முன், இவ்வேலை நம் சுபாவத்திற்கு ஏற்றதுதானா என்று பரிசீலித்துக்கொள்ள, சரித்திரமோ இந்திய ஆய்வியலோ மொழியியலோ கணினியியலோ கற்ற ஒருவருக்கு ஒரு பயிற்சிக் காலத்தைக் காட்டிலும் நல்ல சோதனை கிடையாது.

இத்தகைய சோதனைக்கு நம் மரபிலேயே ஒரு பெரிய திருஷ்டாந்தம் இருக்கிறது. சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர். 1924 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பதவி ஏற்ற சில நாள்களுக்குள்ளேயே, மாணவர் முகம் காணாத அந்தத் தனிமை பொறாமல், பழைய ஆசிரியப் பணிக்கே திரும்பிவிட அநுமதி கேட்டார். முதலில் இங்கிலாந்து சென்று பயிற்சி பெற்று வரட்டும், அதன் பின்னும் மனம் ஒப்பாவிட்டால் திரும்பிக்கொள்ளட்டும் என்று அவருக்கு மறுமொழி கிடைத்தது. லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியின் நூலகவியற் பள்ளியில் சேர்ந்த அவர், குரோய்டன் நகர நூலகராக இருந்த பெர்விக் சேயர்ஸ் என்பாரின் வழிகாட்டலைப் பெற்று, நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களை நேரில் சென்று பார்த்தார். ஒரே வகையான வாசகருக்கு ஒவ்வொரு நூலகமும் ஒவ்வொரு விதமாகப் பணி செய்வதைக் கண்டு, அவ்வேறுபாடுகளுக்கு அடிப்படையான நியமங்கள் யாவை என்று வினவத் தொடங்கியதே 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளாகவும், 1933-இல் கோலன் பகுப்பு முறையாகவும் விளைந்தது. கணித ஆசிரியராகக் கப்பலேறியவர் நூலகராகத் திரும்பினார். நடுவிலிருந்தது ஓராண்டுக்கும் குறைவான ஒரு பயிற்சியே. அவர் ஒரு மேசையில் அமர்ந்து ஒரு வேலையைப் பழகிக்கொண்டு வந்தவரல்லர் என்பதைக் கவனியுங்கள். உங்களுக்கு எந்தப் பிரிவில் இடம் தந்தாலும், வாரத்தில் ஒரு நாளேனும் வேறு பிரிவைப் பார்க்க அநுமதி கேட்டுப் பெறுங்கள். புத்தகம் வந்து இறங்கும் வாயிலும், பழுது பார்க்கும் அறையும், வாசகர் வினாவுக்கு விடை கூறும் மேசையும் தெரியாதவர் பட்டியல் எழுதினால், அது வாசகருக்காக எழுதப்பட்டதாக அமைவதில்லை.

எங்கே போவது என்பது அடுத்த கேள்வி. மலாயாப் பல்கலைக்கழகத்தின் நூலகத்தில் உள்ள தமிழ்த் தொகுப்பை நான் முதலில் வைக்கிறேன். அதற்குக் காரணம் தொகுப்பின் பெருமை மட்டுமன்று, அது பிறந்த வரலாறுமாகும். பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த நாளில், இந்திய ஆய்வியல் துறையில் வடமொழிக்கே முதன்மை தரலாம் என்னும் அபிப்பிராயம் எழுந்தபோது, 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழுக்கு அவ்விடத்தைக் கேட்டுப் போராடி, பல்கலைக்கழகத்தில் தமிழ் நூல்கள் சேர்வதற்காகத் 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் திரட்டினார். பெரும் தனவந்தர்களை மட்டும் நம்பாமல் சாமானிய மக்களிடம் கைநீட்டிய நிதி அது. பால்மரம் சீவியவர்களின் வெள்ளியும் அதில் உண்டு. 1956-இல் துறை தொடங்கியது; பின்னர் கோலாலம்பூருக்கு வந்தது; 1961-இல் தனிநாயகம் அடிகள் அதன் தலைமையை ஏற்றார்; 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு இந்நகரிலேயே கூடியது. அதே ஆண்டில் அடிகளார் தமிழாராய்ச்சிக்குரிய நூல்களின் வழிகாட்டிப் பட்டியல் ஒன்றைத் தொகுத்து வெளியிட்டார், 1969-இல் இராம. சுப்பையா மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்களையும் இதழ்களையும் 'தமிழ் மலேசியானா' என்னும் சரிபார்ப்புப் பட்டியலாகத் தந்தார். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அதிலுள்ள ஒவ்வொரு தலைப்பும் இன்று எந்த அலமாரியில், எந்த நிலையில், எத்தனை பிரதியாக இருக்கிறது என்று ஒரு பயிற்சியாளர் பார்த்துவருவாரேயானால், அவருடைய மூன்று மாதமும் வீணாகாது. காணாமற்போன தலைப்புகள் எவை என்று குறிக்கப்படும் தாள் அதைவிடவும் பிரயோசனமுடையது.

தேசிய ஆவணக் காப்பகம் 1957 திசம்பர் 1-ஆம் நாள், விடுதலை பெற்று ஏறத்தாழ மூன்று மாதங்களில், பொது ஆவண அலுவலகம் என்ற பெயரில் தோன்றியது. இன்று அது 2003-ஆம் ஆண்டுத் தேசிய ஆவணக் காப்பகச் சட்டத்தின்கீழ், முன்னாளில் டூத்தா சாலை எனப்பட்ட துவாங்கு அப்துல் ஹாலிம் சாலையில் இயங்குகிறது. பந்திங்காருக்கு அங்கே உள்ள சிலாங்கூர் அரசாங்கச் செயலகக் கோப்புகள் தனிச் சிறப்புடையவை. நம்முடைய ஊர் இன்று ஒரு மாவட்டத் தலைநகராக அமைதியாக இருந்தாலும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுல்தான் அப்துல் சமாட் அரசிருந்தது இந்த லங்காட் ஆற்றங்கரையிலேதான். 1874-இல் பிராங்க் சுவெட்டன்ஹாம் அவருக்கு ஆலோசகராக வந்து தங்கியதும் இங்கேதான். ஆகையால் இவ்வட்டாரத்தின் முற்காலக் காகிதங்களில் ஜாவி எழுத்து மிகுதி. தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைகள் பலருக்கு ஜாவி தெரியாது; ஆயினும் அதன் அச்செழுத்தைச் சில மாதங்களில் கற்றுக்கொள்ள முடியும் என்பதை அநுபவத்தில் கண்டிருக்கிறேன். ஓரளவு ஜாவியும், மலாயும், ஆங்கிலமும், தமிழும் வாசிக்கும் ஒரு பயிற்சியாளரை எந்தக் காப்பாளரும் வாயிலில் நிறுத்திவைக்க மாட்டார்.

துன் ரசாக் சாலையிலுள்ள தேசிய நூலகம், 1986-ஆம் ஆண்டின் ஒப்படைப்புச் சட்டப்படி பதிப்பாளர்கள் தரும் நூல்களைப் பெற்றுப் பாதுகாப்பது. பட்டியலாக்கத்தை முறையாகப் பழக அது தக்க இடம். 1924 முதல் 2019 வரை நடந்த 'தமிழ் நேசன்' போன்ற நாளேட்டின் வாழ்வு முழுவதையும் ஆராய நினைப்பவர், எந்தக் காலத்து இதழ் எந்த நூலகத்தில் உள்ளது என்ற ஓர் அட்டவணையைத் தயாரிப்பதையே தம் பயிற்சித் திட்டமாக முன்வைக்கலாம். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் உள்ள சங்கங்கள், ஆசிரமங்கள், கோவில்கள் ஆகியவற்றின் கூட்டக் குறிப்பேடுகளை இங்கே ஒரு வரியில் மட்டும் சொல்லிச் செல்கிறேன். அவற்றில் பயிற்சி தரும் ஏற்பாடு இராது, ஆனால் பயிற்சி முடித்தவருக்கு வேலை அங்கே நிறையக் காத்திருக்கிறது.

கடல் கடந்து செல்லக் கூடியவருக்குச் சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஒரு யாத்திரைத் தலம் என்றே கூறுவேன். கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்த முத்தையா, அறிஞர் கூட்டத்தின் துணையின்றித் தம் வாழ்நாள் முழுவதும் நூல், இதழ், நாடக நோட்டீசு, பாட்டுப் புத்தகம் என்று மற்றவர் கழித்ததையெல்லாம் சேர்த்து, ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகளை விட்டு 1992-இல் மறைந்தார். 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியபோது, அதைக் கப்பலேற்றிக்கொண்டு போகாமல் தமிழ்நாட்டிலேயே வைத்து, நுண்படச்சுருளில் பதிவுசெய்து, பட்டியலிட்டு, பொதுவில் திறக்க ஏற்பாடு செய்தது. பொருள் இருக்கும் நிலத்திலேயே இருக்கட்டும், பிரதி உலகெங்கும் போகட்டும் என்ற இந்த ஏற்பாட்டை நேரில் கண்டு பழகியவர், பந்திங் கோவில் ஒன்றின் கணக்குப் புத்தகத்தைக் கேட்டுப் பெறும்போது என்ன வாக்குறுதி கொடுக்க வேண்டும் என்பதை அறிந்தவராகிறார். சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் 1887-இல் தொடங்கிய 'சிங்கை நேசன்' முதலிய தமிழ் ஏடுகளை மின்னுருவில் தந்திருப்பதும், அங்குள்ள வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் பேட்டிகளைப் பதிவுசெய்து வருவதும், யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-இல் எரிக்கப்பட்ட துயரத்தை அறிந்த தலைமுறையினர் 2005-இல் 'நூலகம்' என்னும் மின்னூலகத்தைத் தொடங்கியதும், நீங்கள் புறப்படுவதற்கு முன் வீட்டிலிருந்தபடியே பார்த்துக் கற்கத்தக்கவை.

விண்ணப்பக் கடிதத்தைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்ல வேண்டும். எனக்குக் காட்டப்படும் கடிதங்கள் பெரும்பாலும், தாம் கடின உழைப்பாளி, புதியவற்றைக் கற்கும் ஆர்வமுடையவர், குழுவாகப் பணிசெய்யக் கூடியவர் என்று எவரும் எவருக்கும் எழுதத்தக்க வாசகங்களால் நிரம்பியிருக்கின்றன. அதற்கு மாறாக, அந்நிலையத்தின் பட்டியலை நீங்கள் ஏற்கெனவே புரட்டிப் பார்த்தீர்கள் என்பதைக் காட்டும் ஒரு வாக்கியம் போதும். 'தங்கள் தொகுப்பில் கோல லங்காட் வட்டாரத் தோட்டங்களைக் குறித்த கோப்புகள் உள்ளதைக் கண்டேன். அவற்றினிடையே தமிழில் எழுதப்பட்ட தாள்கள் இருப்பின், அவற்றை வாசித்து மலாயிலும் ஆங்கிலத்திலும் விவரக் குறிப்பு எழுதித் தர என்னால் இயலும். 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முற்பட்ட தமிழ் எழுத்து வடிவங்களும் எனக்குப் பழக்கமே' என்று எழுதிப் பாருங்கள். கடிதத்தைப் பெறுபவர் அந்த இடத்தில் நின்று வாசிப்பார். இதனுடன் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையும், மதிப்பெண் சான்றும், பயிற்சிக்கு நீங்கள் வரக்கூடிய தேதிகளும் இணைந்திருக்க வேண்டும். அரசாங்க நிலையங்களில் பதில் வரத் தாமதமாகும். மூன்று மாதத்திற்கு முன்பே அனுப்பிவிட்டு, மரியாதையாக ஒரு முறை நினைவூட்டுவதில் தவறில்லை. உதவித்தொகை உண்டா என்பதைத் தயங்காமல் முதலிலேயே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் அது இல்லை அல்லது சொற்பமே, அதை அறியாமல் போய் நடுவில் கைவிட்டு வருவது இரு தரப்பாருக்கும் நஷ்டம்.

பந்திங்கிற்கு ரயில் இல்லை. பேருந்திலோ மோட்டார் சைக்கிளிலோ கிள்ளான் சென்று, அங்கிருந்து கொமியூட்டர் ரயிலில் பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய சென்ட்ரல் நிலையத்தை அடைந்து, மலாயாப் பல்கலைக்கழகமானால் அங்கே எல்ஆர்டி மாறிப் போகலாம்; நாள்தோறும் இப்படி ஐந்து மணி நேரம் வரை வழியிலேயே கழிப்பவருக்கு, பிற்பகலில் பழைய கையெழுத்தைக் கூர்ந்து நோக்கக் கண்ணில் பலம் இராது. இயலுமானால் பயிற்சிக் காலத்திற்கு மட்டும் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஓர் அறையைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

இனி வேலைக்குள் நுழைவோம். ஆவண சாஸ்திரத்தின் முதற் பாடத்தை நான் கற்ற விதம் எனக்கு இன்றும் வேதனை தருவது. என் பயிற்சி நாளில், ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த காகிதக் கட்டு ஒன்றை என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். வருகைப் பதிவேட்டுத் தாள்களும், தோட்ட அலுவலகத்துக்கு எழுதிய கடித நகல்களும், பெற்றோர் கொடுத்த சீட்டுகளும், மருந்தகக் குறிப்புகளும் அதில் கலந்து கிடந்ததாக எனக்குத் தோன்றிற்று. ஒழுங்குபடுத்துகிறேன் என்னும் உற்சாகத்தில், துருப்பிடித்த குண்டூசிகளையெல்லாம் அகற்றி, கடிதங்களை ஒருபுறமும் சீட்டுகளை மறுபுறமுமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தேதிவாரியாக அடுக்கி, இரண்டு நாளில் அழகான நான்கு உறைகளாக்கி மேற்பார்வையாளரிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்தப் பழைய தலைமையாசிரியர் ஏன் இந்தச் சீட்டை இந்தக் கடிதத்தோடு சேர்த்துக் குத்தியிருந்தார் என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: பிள்ளை பள்ளிக்கு வராததற்குப் பெற்றோர் எழுதிய தேதியில்லாத சீட்டும், அதே வாரத்தில் அத்தோட்டத்துப் பிள்ளைகளை வேலைக்கு அழைத்ததைக் குறித்து ஆசிரியர் எழுதிய கடிதமும் ஒரே ஊசியில் இருந்தன. சீட்டுக்குத் தேதி கொடுத்தது அந்த ஊசி ஒன்றே. நான் அதை அகற்றிவிட்டேன். எது எதோடு இருந்தது என்று எங்கும் எழுதிவைக்கவுமில்லை. அந்தத் தலைமையாசிரியர் சொல்லவந்ததை அறிய இனி எவராலும் ஆகாது.

ஒரு நிலையத்தின் காகிதங்களை மற்றொன்றின் காகிதங்களோடு கலக்காதிருத்தல், அவை உருவான வரிசையைக் கலைக்காதிருத்தல் என்னும் இரண்டு நியமங்களும் ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வகுக்கப்பட்டு, 1898-இல் மூன்று டச்சு ஆவணக் காப்பாளர்கள் எழுதிய கைந்நூலால் உலகெங்கும் பரவின. நூலகப் பழக்கமுடையவர்க்கு இவை எளிதில் மனத்தில் ஏறா. புத்தகத்தைப் பொருள்வாரியாகப் பிரித்தல் நூலகத்தில் குணம், காப்பகத்தில் அதுவே குற்றம். ஊசியை எடுக்கத்தான் வேண்டும், துரு காகிதத்தைத் தின்றுவிடும். ஆனால் எடுப்பதற்கு முன் அந்தத் தாள்கள் சேர்ந்திருந்த நிலையைப் படமெடுத்து, பென்சிலால் எண்ணிட்டு, அமிலமற்ற தாள் ஒன்றை மடித்து அவற்றை ஒன்றாகவே உள்ளே வைக்க வேண்டும்.

தேதிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தமிழ்க் கணக்குகளிலும் கோவில் நோட்டீசுகளிலும் ஆண்டு பெரும்பாலும் அறுபதாண்டு வட்டத்துப் பெயராலேயே இருக்கும். 'விஷு' என்று மட்டும் ஒரு தாளில் கண்டால் அது 1941-42 ஆகலாம், 1881-82-உம் ஆகலாம்; கேரித் தீவிலும் பந்திங் சுற்றுவட்டாரத்திலும் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்த காலத்தை எண்ணிப் பார்த்தால் முன்னதே பொருந்தும் என்று ஊகிக்கலாம், ஆனால் ஊகத்தை ஊகம் என்றே பட்டியலில் குறிக்க வேண்டும். அந்த 1941, கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, துப்பாக்கிச் சூட்டுக்கும் ஆளான ஆண்டு என்பதை அறிந்தவருக்கு, ஒரு சங்கத்தின் வசூல் சீட்டில் 'விஷு ௵ சித்திரை' என்று காண்பது எத்தனை முக்கியமான செய்தி என்று விளக்க வேண்டியதில்லை. ஜப்பானியர் ஆட்சிக்காலத்துக் காகிதங்களில் 2602, 2603 என்று ஆண்டு காணப்பட்டால் திகைக்க வேண்டா. அது ஜப்பானியச் சகாப்தம், 660-ஐக் கழித்தால் 1942, 1943 என்று வரும். செட்டியார் கிட்டங்கிகளின் பேரேடுகளைக் கையாள நேர்ந்தால் தமிழ் எண்களும் கால், அரைக்கால், மாகாணி முதலிய பின்னக் குறிகளும் வேண்டும். அவற்றை ஒரு வாரத்தில் மனனம் செய்துவிடலாம்.

பெயர்கள் இதனினும் சிக்கலானவை. ஒரே தோட்டத்துக்கு ஆங்கிலக் கம்பெனிப் பெயர் ஒன்று, அரசாங்கப் பதிவில் மலாய்ப் பெயர் ஒன்று, தொழிலாளர் நாவில் வழங்கிய தமிழ்ப் பெயர் ஒன்று என மூன்றிருக்கும். வயது முதிர்ந்த ஒருவர் பேட்டியில் கூறும் பெயரை நிலப்படத்தில் தேடினால் கிடைக்காது. லெட்சுமி என்று அழைக்கப்பட்ட அம்மையாரின் பெயர் பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதமாகவும், தோட்டத்துக் கூலிப் பதிவான செக்ரோல் புத்தகத்தில் வேறு விதமாகவும், அடையாளக் கார்டில் மற்றொரு விதமாகவும் ரோமன் எழுத்தில் ஏறியிருக்கும். இவற்றுள் ஒன்றைச் சரியென்று கொண்டு மற்றவற்றைத் திருத்திவிடுவது பெரும் பிழை. ஆவணத்தில் உள்ளபடியே ஒரு முறையும், தமிழ் வடிவில் ஒரு முறையும் எழுதி, தந்தை பெயரையும் தோட்டத்தையும் சேர்த்துத் தொடர்புபடுத்துங்கள். தம் பாட்டியைத் தேடி இருபதாண்டு கழித்து வரப்போகும் பேரப்பிள்ளைக்கு எந்த எழுத்துக்கூட்டு தெரிந்திருக்கும் என்பதை நாம் அறியோம்.

காகிதத்தின் உடல்நலத்தைப் பற்றி நூல்கள் பல உண்டாகையால் சுருக்குகிறேன். நம் நாட்டின் காற்றில் ஈரப்பதம் நூற்றுக்கு எண்பதைத் தாண்டி நிற்பது வழக்கம். காகிதத்துக்கு ஐம்பதை ஒட்டியிருப்பதே சுகம். பூஞ்சை, வெள்ளிப்பூச்சி, கரையான் மூன்றும் நமக்கு நிரந்தர விரோதிகள். காகிதத்தைக் கையுறையோடு தொடுவதைவிடக் கழுவி உலர்த்திய கையால் தொடுவது மேல். புகைப்படத்துக்கு மட்டும் கையுறை வேண்டும். பேனா அறைக்குள் வரலாகாது. ஒட்டுநாடாவும் ரப்பர் வளையமும் ஒருபோதும் கூடா. பூஞ்சை பிடித்த கட்டைத் திறக்கும்போது முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள். இதில் வீரம் காட்டி நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர்களை நான் அறிவேன்.

மின்னுருவாக்கம் என்றதும் படம் எடுப்பதே முழு வேலை என்று இளைஞர் பலர் எண்ணுகின்றனர். ஆயிரம் படங்களை எடுத்து, கருவி இட்ட எண்களையே கோப்புப் பெயராக விட்டு வைப்பவர், ஒரு பெட்டிக் குழப்பத்தை ஒரு கணினிக் குழப்பமாக மாற்றியவரே ஆவார். படம் எடுக்கும் ஒவ்வொரு மணிக்கும் விவரக் குறிப்பு எழுதக் குறைந்தது இரண்டு மணி ஒதுக்குங்கள் என்பது என் அபிப்பிராயம். பழைய தமிழ் அச்சைக் கணினி தானே வாசிக்கும் வசதி நாளுக்கு நாள் தேறிவருகிறது. ஆயினும் மை படர்ந்த நாளேட்டையும், கிராணியின் கையெழுத்தையும் அது தடுமாறியே வாசிக்கிறது. அதன் பிழையைக் கண்டு திருத்தும் பணி பயிற்சியாளருக்கு அலுப்பூட்டலாம். அந்த அலுப்பிலேதான் நூறாண்டுக்கு முந்திய மலாயாத் தமிழின் நடை கண்ணுக்குப் பழகுகிறது.

இரகசியம் காத்தலைக் குறித்துச் சொல்லாமல் செல்வதற்கில்லை. தோட்டத்துப் பதிவேடுகளில் கடன், கள்ளுக்கடைப் பாக்கி, குடும்பச் சச்சரவு, சாதிப் பெயர், நோய் முதலியன பெயர் சுட்டி எழுதப்பட்டிருக்கும். அவர்களின் பிள்ளைகள் உங்கள் தெருவிலேயே வசிக்கக்கூடும். காப்பகத்தில் படித்ததை வீட்டுத் திண்ணையில் பேசலாகாது. கைப்பேசியில் எடுத்து நண்பர்க்கு அனுப்பலாகாது. அரசாங்கக் கோப்புகளுக்கு 1972-ஆம் ஆண்டு அதிகாரபூர்வ இரகசியச் சட்டமும் உண்டு. எந்தக் கோப்பு திறந்தது, எது மூடியது என்பதில் ஐயம் தோன்றினால் கையை எடுத்துவிட்டு மேற்பார்வையாளரைக் கேளுங்கள். அதே சமயம், சங்கடமானது என்பதற்காக எதையும் பட்டியலிலிருந்து மறைத்தலும் தகாது. சாதிப் பெயர் எழுதப்பட்ட பதிவேடு அக்காலத்து நிர்வாகம் நம்மை எப்படி எண்ணிற்று என்பதற்குச் சாட்சி. இருப்பதைக் குறித்து, பார்வைக்குக் கட்டுப்பாடு வேண்டுமென்று எழுதிவைப்பதே நேர்மை.

பயிற்சியின் கடைசி மூன்று வாரத்தைப் புதிய பெட்டி எதையும் திறக்காமல், செய்த வேலைக்கு விளக்கப் பட்டியல் எழுதுவதற்கென்றே ஒதுக்குங்கள். காகிதங்கள் யாரால் உருவாயின, எப்படி இங்கே வந்தன, எந்த வரிசையில் இருந்தன, எதை மாற்றினீர்கள், எது வாசிக்க இயலவில்லை என்பவை அதில் இடம்பெற வேண்டும். வாசிக்க இயலாததை ஒப்புக்கொண்டு எழுத வெட்கப்பட வேண்டா. மலாயிலோ ஆங்கிலத்திலோ நிலையம் கேட்கும் பட்டியலோடு, தமிழிலும் ஒரு பிரதி சேர்த்துக்கொடுக்க அநுமதி கேளுங்கள். நான் கேட்ட இடங்களில் எவரும் மறுத்ததில்லை, கேட்பவர்தாம் குறைவு.

பிறகு ஊருக்குத் திரும்புங்கள். 1950-களிலும் 60-களிலும் தோட்டத் துண்டாடலில் சிதறிய குடும்பங்களின் காகிதங்கள், ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது மூடப்பட்ட அலுவலகங்களின் பேரேடுகள், சிப்பாங்கில் விமான நிலையம் எழுந்தபோது இடம்பெயர்ந்தோர் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்த பள்ளிச் சான்றுகள் என, எந்தத் தேசிய நிலையத்துக்கும் இன்னும் போய்ச் சேராதவை தெலுக் டத்தோவிலும் சுங்கை சீடுவிலும் ஜூக்ராவிலும் தகரப் பெட்டிகளில் இருக்கக்கூடும். கோவில் நிர்வாகத்தாரிடமும் ஓய்வுபெற்ற ஆசிரியரிடமும் சென்று, காகிதத்தைக் கொண்டுபோக வரவில்லை, இங்கேயே இருக்கட்டும், பார்த்துப் பட்டியல் எழுதித் தருகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெட்டி திறந்ததும் எதையும் வெளியே எடுக்காமல், மேலிருந்தபடியே ஒரு படம் எடுத்துக்கொண்டு, அன்றைய தேதியைப் பென்சிலால் குறித்துவிட்டு, பெட்டிக்குரிய பெரியவரை அருகில் அமரச் சொல்லி, 'ஐயா, மேலே இருக்கிற இது யாருடைய கையெழுத்து?' என்று கேளுங்கள்.